ஆய்வுகூடத்தில் கால்நடை முட்டைக்கலங்களை முதிர்வித்தல்: ஒட்சியேற்றத் தடுப்பிகளை எப்போது, எவ்வாறு சேர்ப்பது

இலங்கையின் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, ஒலுவிலையும் சம்மாந்துறையையும் தளமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வொன்றைத் தொடங்கும் மாணவர், மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் முட்டைக்கலங்களை உடலுக்கு வெளியே முதிர்விக்கும் வேலையைத் தெரிந்தெடுத்தால், அவர் கையில் கிடைக்கும் கட்டுரைகளில் பலவும் ஒரே பாங்கில் இருப்பதைக் காண்பார். ஏதோவொரு ஒட்சியேற்றத் தடுப்பியை, அதாவது ஆன்டிஒக்சிடன்டை, ஊடகத்தில் சேர்த்தார்கள், முதிர்ச்சி வீதம் கூடியது என்று அவை சொல்லும். அதை வாசித்தவுடன் மெலடோனினையும் விற்றமின் சியையும் வாங்கப் பட்டியல் எழுதத் தோன்றும். அந்தப் பட்டியலைச் சற்றுத் தள்ளி வைக்கும்படி சொல்வதற்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விலங்குகளை அறுக்கும் மடுவத்திலிருந்து இன்குபேட்டர் வரையான பாதையில் முட்டைக்கலத்துக்கு நேரும் சேதத்தைக் குறைக்காமல் ஊடகத்தில் மருந்தைக் கூட்டுவதால் பயனில்லை. பாதை சீராகிய பின்னர் சேர்க்கப்படும் சிறு அளவின் விளைவையே நம்பகமாக அளக்க முடியும். எனவே இங்கு படிகள் வேலை நடக்கும் வரிசையிலேயே தரப்பட்டுள்ளன. தடுப்பி நடுவில்தான் வருகிறது.

எதற்காக இந்தத் தடுப்பி

சூலகத்தில் முட்டைக்கலத்தைச் சூழ்ந்திருக்கும் சிறு பையே புடைப்பு. அதனுள் இருக்கும் முட்டைக்கலம் ஒடுக்கற்பிரிவின் முதல் முன்னவத்தையில் நின்றுவிட்ட நிலையில் இருக்கும். அதைப் புடைப்பிலிருந்து வெளியே எடுத்தால், ஓமோன் தூண்டுதல் இன்றியே பிரிவு மீண்டும் தொடங்கிவிடும் என்பதை முயல் முட்டைக்கலங்களில் கிரெகரி பிங்கஸ் 1935இல் காட்டினார். ஆய்வுகூடத்தில் முதிர்வித்தல் என்னும் முறை முழுவதும் இந்த உண்மையின்மேல் கட்டப்பட்டதே. 1990இல் இந்தியாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில், சோதனைக்குழாய்க் கருக்கட்டல் மூலம் பிரதம் என்று பெயரிடப்பட்ட எருமைக் கன்று பிறந்தது. எருமைத் தயிருக்குப் பெயர்போன நமது மாவட்டங்களில் இந்த வேலையில் ஆர்வம் எழுவது இயல்பே.

ஆனால் கலத்தின் கரு பிரிவில் முன்னேறி, முதல் முனைவுடல் (பிரிவின்போது வெளித்தள்ளப்படும் சிறு கலம்) வெளிப்பட்டு, கலம் இரண்டாம் அனுவவத்தையில் நிற்பது முதிர்ச்சியின் ஒரு பாதி மட்டுமே. குழியவுருவும் கூடவே முதிர வேண்டும். இழைமணிகள் இடம் மாற வேண்டும், கலம் தானே செய்துகொள்ளும் ஒட்சியேற்றத் தடுப்பியான குளுற்றாதயோன் சேமிக்கப்பட வேண்டும், கருக்கட்டலின் பின்னர் வேண்டிய புரதங்கள் ஆயத்தமாக வேண்டும். உடலினுள் இவ்வேலை நடக்கும்போது புடைப்புப் பாய்பொருளில் உள்ள சுப்பரொட்சைட்டு டிசுமியூட்டேசு, கற்றலேசு, குளுற்றாதயோன் பேரொட்சிடேசு ஆகிய நொதியங்களும் விற்றமின் சியும் காவலாக நிற்கின்றன. கிண்ணத்தில் அந்தக் காவல் இல்லை. அத்தோடு, சூலகக் குழாயில் ஒட்சிசன் ஏறத்தாழ 2 முதல் 8 சதவீதமாக இருக்க, நமது இன்குபேட்டரில் அது 20 சதவீதத்தை அண்மிக்கிறது. இழைமணிகளிலிருந்து கசியும் ஒட்சிசன் வினைக்கூறுகள், சுருக்கமாக ஆர்ஓஎஸ், இதனால் பெருகி மென்சவ்வின் இலிப்பிட்டையும், நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் கதிர்நார்களையும் இழைமணியின் மரபுப்பொருளையும் தாக்குகின்றன.

இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. ஆர்ஓஎஸ் முழுக்க முழுக்கப் பகைப்பொருள் அல்ல. ஒடுக்கற்பிரிவு மீண்டும் தொடங்குவதற்கு அது சிறு அளவில் சைகையாகவும் பயன்படுகிறது. கொறிணி விலங்குகளின் முட்டைக்கலங்களில் தடுப்பிகளை மிகுதியாகச் சேர்த்தபோது பிரிவு தொடங்குவதே தடைப்பட்டிருக்கிறது. ஆகவே, கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் நன்மை என்ற எண்ணத்துடன் இந்த வேலைக்குள் வரக் கூடாது.

அனுமதியும் சூலகமும்

முதலில் உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். பின்னர் உள்ளூராட்சி மன்றத்தையும், மடுவத்தில் அறுப்புக்கு முன்னும் பின்னும் விலங்கைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், பிரதேச கால்நடை வைத்தியரையும் சந்திக்க வேண்டும். கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அறுப்பவரிடம் நேரில் சென்று, "காக்கா, கருப்பைக்குப் பக்கத்தில இருக்கிற ரெண்டு சின்னக் கட்டியும்தான் எங்களுக்குத் தேவை, அதை வெட்டாம முழுசா எடுத்துத் தாங்க" என்று கையில் ஒரு சூலகத்தை வைத்துக் காட்டிச் சொன்னால்தான் கிடைக்க வேண்டியது கிடைக்கும். அவர்கள் பழகிய கையால் ஒரு நொடியில் எடுத்துத் தருவதை நாம் கத்தியோடு போய் நின்று தேடத் தேவையில்லை.

போயா நாட்களில் அறுப்பு இல்லை என்பதால், முழு நிலவு வரும் வாரத்தில் சோதனையைத் திட்டமிட வேண்டாம். விலங்குகள் சட்டத்தின் கீழ்ப் பெண் மாடுகளையும் எருமைகளையும் அறுப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை போன்ற ஊர்களில்கூட ஒரு நாளில் கிடைக்கும் பசுச் சூலகங்கள் குறைவாகவே இருக்கும். தொடங்குபவருக்கு ஆடு வசதியானது என்பது எனது கருத்து. பெட்டை ஆடுகள் கிடைப்பது எளிது, சூலகம் சிறியதாயினும் கையாளப் பழகிவிடலாம். எருமையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம். எருமைச் சூலகத்தில் புடைப்புகளின் இருப்பே பசுவினுடையதைவிடப் பன்மடங்கு குறைவு. ஒரு சூலகத்திலிருந்து பயன்படக்கூடிய முட்டைக்கலம் ஒன்றோ இரண்டோ கிடைத்தாலே பெரிது.

கையுறையும் முகமூடியும் கட்டாயம். புரூசெல்லோசிசும் எலிக்காய்ச்சலும் கருப்பையிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை. கன்று வீசிய தடயமோ சீழோ உள்ள கருப்பையின் சூலகத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

வழியில் நடப்பது

சோதனையின் தலைவிதி பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. 0.9 சதவீத சோடியம் குளோரைட்டுக் கரைசலில், மில்லிலீற்றருக்குப் பெனிசிலின் 100 அலகும் ஸ்ட்ரெப்டோமைசின் 100 மைக்ரோகிராமும் சேர்த்து, அதை முன்கூட்டியே 30 முதல் 35 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி அகன்ற வாய்ப் பிளாஸ்க்கில் எடுத்துச் செல்ல வேண்டும். சூலகத்தை வாங்கியதும் அதே கரைசலில் இரண்டு முறை அலசி, இரத்தத்தைப் போக்கிய பின்னரே பிளாஸ்க்கில் இட வேண்டும். இரத்தத்தில் உள்ள இரும்பு ஒட்சியேற்றத்தைத் தூண்டும் ஊக்கியாகும்; இந்த அலசல் துப்புரவுக்கு மட்டும் செய்யப்படுவதல்ல.

குளிர்நாட்டுக் கைநூல்கள் சூலகம் குளிர்ந்துவிடுமே என்று அஞ்சி எழுதப்பட்டவை. நமக்கு அச்சம் மறுபக்கத்தில் இருக்கிறது. ஓகஸ்ட் மாத வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் வைத்த பிளாஸ்க் எவ்வளவு நேரத்தில் 40 பாகையைக் கடக்கும் என்பதை, சூலகம் இல்லாமல் வெறும் கரைசலையும் வெப்பமானியையும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அறுப்பு பெரும்பாலும் விடியற்காலையில் நடப்பதால், வெயில் ஏறுமுன் திரும்பிவிட முடியும். அறுப்பிலிருந்து உறிஞ்சி எடுக்கும் வரையான நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பது சிறந்தது, நான்கைத் தாண்டக் கூடாது. இரத்த ஓட்டம் நின்ற சூலகத்தில் சக்தி தீர்ந்துகொண்டே போகிறது. பின்னர் ஒட்சிசன் கிடைக்கும்போது ஆர்ஓஎஸ் திடீரெனப் பொங்கும். அந்தப் பொங்கலை ஊடகத்தில் சேர்க்கும் எந்தத் தடுப்பியும் பின்னோக்கிச் சென்று தடுக்காது.

ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் அறுப்பு நேரம், வந்து சேர்ந்த நேரம், பிளாஸ்க்கின் வெப்பநிலை, விலங்கின் வகை, உடல் நிலை ஆகியவற்றை எழுத வேண்டும். பட்டியில் வளரும் மாடுகள் வறட்சிக் காலத்தில் மெலிந்தும், பெரும்போக அறுவடைக்குப் பின் வயல் மேய்ச்சலில் தேறியும் இருக்கும். ஆய்வு இரண்டு பருவங்களையும் கடந்து போகுமானால் இந்தக் குறிப்பு இல்லாமல் முடிவை விளக்க முடியாது.

உறிஞ்சுதலும் தெரிவும்

பசுச் சூலகத்தில் 2 முதல் 8 மில்லிமீற்றர் வரையான புடைப்புகளையும், ஆட்டில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரையானவற்றையும் 18 அளவு ஊசி பொருத்திய சிரிஞ்சினால் மெதுவாக உறிஞ்ச வேண்டும். சிரிஞ்சில் சிறிதளவு கழுவும் ஊடகத்தை முதலிலேயே எடுத்து வைத்தால், முட்டைக்கலம் வெறும் பிளாஸ்திக்கில் ஒட்டாது. வேகமாக இழுத்தால் சுற்றியுள்ள கியூமுலசுக் கலங்கள் உரிந்துவிடும். ஆட்டுச் சூலகத்தைக் கிண்ணத்தில் வைத்துக் கத்தியால் கீறி எடுப்பது கூடுதல் எண்ணிக்கையைத் தரும், ஆனால் அழுக்கும் கூட வரும்.

கியூமுலசுக் கலங்கள் முட்டைக்கலத்தின் தோழிகள் என்று சொல்லலாம். குளுற்றாதயோன் செய்யத் தேவையான சிஸ்டெயினின் இரட்டை வடிவமே சிஸ்டின்; அதை முட்டைக்கலத்தால் தானாக உள்ளெடுக்க முடியாது. கியூமுலசுக் கலங்களே அதைச் சிஸ்டெயினாக மாற்றி இடைவெளிச் சந்திகளூடாகக் கொடுக்கின்றன. ஆகவே, இறுக்கமான கியூமுலசு அடுக்குகள் ஐந்தோ அதற்கு மேலோ உள்ள, குழியவுரு ஒரே சீராகத் தெரியும் முட்டைக்கலங்களை முதல் தரமாகவும், மூன்று நான்கு அடுக்கு உள்ளவற்றை இரண்டாம் தரமாகவும் எடுத்து, உரிந்தவற்றையும் ஏற்கெனவே விரிந்தவற்றையும் விலக்கிவிட வேண்டும். எண்ணிக்கை போதவில்லை என்று மூன்றாம் தரத்தைக் கலப்பது தொடக்க ஆய்வாளர்களிடையே அடிக்கடி காணப்படும் ஆசை. அப்படிக் கலந்தால், தடுப்பியின் விளைவைப் பார்க்கிறோமா, கியூமுலசு இல்லாமையைப் பார்க்கிறோமா என்று பிரித்தறிய இயலாது.

கழுவுவதற்கு பிஎச்சை நிலையாக வைக்கும் எச்இபிஇஎஸ் சேர்த்த, டிசிஎம்-199 என்னும் கலவளர்ப்பு ஊடகம் பயன்படும். இந்த ஊடகத்தில் இரைபோபிளேவின் (விற்றமின் பி2) இருக்கிறது. எச்இபிஇஎஸ் உள்ள இடத்தில் அதன்மேல் ஒளி பட்டால் ஐதரசன் பேரொட்சைட்டு உருவாகும். எனவே போத்தலை அலுமினியத் தாளால் சுற்றி வைக்க வேண்டும், நுணுக்குக்காட்டியின் ஒளியைத் தேவையான அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும், தெரிவு செய்யும் வேலையை விரைவில் முடிக்க வேண்டும். செலவில்லாத ஒட்சியேற்றத் தடுப்பு என்றால் இதுதான். குளிரூட்டப்பட்ட அறையில் கிண்ணம் சூடான தட்டின்மேல் இருக்க வேண்டும். வெளியே 32 பாகை, உள்ளே 24 பாகை என்பது நமது ஆய்வுகூடங்களில் வழக்கம். கதிர்நார்கள் குளிருக்கு மிகவும் நொய்தானவை.

ஊடகம்

அடிப்படை ஊடகம் இருகாபனேற்று உள்ள டிசிஎம்-199. அதனுடன் 10 சதவீதம் மாட்டுக் கருச் சீரம், எப்எஸ்எச், எல்எச் ஆகிய ஓமோன்கள், மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் எசுத்திராடயோல், 0.2 மில்லிமோலார் அளவில் சோடியம் பைருவேற்று, மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமைப்பு. பிஎச் 7.2 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். நீரைப் பற்றி ஒரு சொல்: கரையோரக் கிணற்று நீரை ஒரு முறை காய்ச்சி வடித்தெடுத்தது இந்த வேலைக்கு ஏற்றதல்ல. கலவளர்ப்புக்கென்று விற்கப்படும் நீரை வாங்குவது செலவாகத் தோன்றினாலும், உலோக அயன்கள் கலந்த நீரில் விற்றமின் சியைக் கரைத்து அதன் பயனை ஆராய்வதைவிட மலிவானது.

இதற்கு முன்னரே ஊடகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். டிசிஎம்-199இன் வாய்பாட்டிலேயே லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் குளுற்றாதயோனும், 0.05 மில்லிகிராம் அசுக்கோபிக் அமிலமும், 0.01 மில்லிகிராம் தொக்கொபெரோல் பொசுபேற்றும், ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் சிஸ்டெயினும், அதைவிடப் பன்மடங்கு கூடிய அளவில் சிஸ்டினும் உள்ளன. கூடவே ஒட்சியேற்றத்தைத் தூண்டக்கூடிய பெரிக்கு நைத்திரேற்றும் 0.7 மில்லிகிராமளவில் இருக்கிறது. சீரத்தில் அல்புமினும் கற்றலேசும் வருகின்றன. ஆக, "தடுப்பி சேர்க்காத" கட்டுப்பாட்டுக் குழு என்பது உண்மையில் தடுப்பியே இல்லாத குழு அல்ல. இருவர் ஒரே பொருளைச் சேர்த்து எதிரெதிரான முடிவுகளைப் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சீரத்தின் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, ஓர் ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதியைப் பயன்படுத்த வேண்டும்.

எந்தத் தடுப்பி, எவ்வளவு

ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், எனது தெரிவு சிஸ்டியமைன். அது தானே ஆர்ஓஎஸ்சைத் துரத்தும் வேலையைப் பெரிதாகச் செய்வதில்லை. ஊடகத்தில் உள்ள சிஸ்டினைச் சிஸ்டெயினாக ஒடுக்கி, கலம் உள்ளெடுக்க வகை செய்து, குளுற்றாதயோன் உற்பத்தியைக் கூட்டுகிறது. முட்டைக்கலத்தில் சேரும் குளுற்றாதயோன், விந்து நுழைந்த பின்னர் அதன் மரபுப்பொருளை இறுக்கிக் கட்டியிருக்கும் புரொத்தமின்களின் இருசல்பைட்டுப் பிணைப்புகளை அவிழ்க்கத் தேவைப்படுகிறது. அது இல்லையேல் ஆண் முன்கரு உருவாகாது. பசுவில் 100 மைக்ரோமோலார் நெடுங்காலமாகப் பயன்படும் செறிவு. நீரில் கரையும், விலை குறைவு, பொறிமுறை தெளிவு. குளுற்றாதயோன் உற்பத்தியைத் தடுக்கும் பியூதயோனின் சல்பொக்சிமைனைச் சேர்த்து, நன்மை மறைகிறதா என்று பார்த்தால் பொறிமுறையையும் சோதித்துவிடலாம்.

இருப்புக் கரைசலைத் தயாரிக்கும் கணக்கு இது. சிஸ்டியமைன் ஐதரோகுளோரைட்டின் மூலக்கூற்றுத் திணிவு 113.6. ஆகவே 11.4 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார் கிடைக்கும். இதை 0.22 மைக்ரோமீற்றர் வடியினூடாகச் செலுத்தி, ஒரு முறைக்குப் போதுமான சிறு குழாய்களில் பங்கிட்டு, மறை 20 பாகையில் உறைய வைக்க வேண்டும். சோதனை நாளில் 9.9 மில்லிலீற்றர் ஊடகத்தில் இதில் 0.1 மில்லிலீற்றரைச் சேர்த்தால் 100 மைக்ரோமோலார். கட்டுப்பாட்டுக் குழுவின் ஊடகத்திலும் அதே 0.1 மில்லிலீற்றர் நீரைச் சேர்க்க மறக்கக் கூடாது. உருகிய குழாயை மீண்டும் உறைய வைக்க வேண்டாம். தயோல் வகைப் பொருள்கள் உலோக அயன்களின் முன்னிலையில் தாமாகவே ஒட்சியேறி ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும் என்பதால், பழைய கரைசல் பயனற்றது மட்டுமல்ல, தீங்கானதும்கூட.

மெலடோனின் அடுத்த நிலைத் தெரிவு. அது ஆர்ஓஎஸ்சை நேரடியாகவும் அழிக்கும், நொதியங்களின் வெளிப்பாட்டையும் கூட்டும். பயன்படும் செறிவு நனோமோலார் அளவிலிருந்து ஒரு மைக்ரோமோலார் வரை பரந்தது. அவ்வளவு சிறு அளவை நேராக நிறுக்க முடியாது. மூலக்கூற்றுத் திணிவு 232.3 என்பதால் 2.3 மில்லிகிராமை ஒரு மில்லிலீற்றர் எதனோலில் கரைத்து 10 மில்லிமோலார் ஆக்கி, அதில் 1 மைக்ரோலீற்றரை 999 மைக்ரோலீற்றர் ஊடகத்தில் சேர்த்தால் 10 மைக்ரோமோலார். இதில் 10 மைக்ரோலீற்றரை 990 மைக்ரோலீற்றர் ஊடகத்தில் இட்டால் 100 நனோமோலார். இறுதியில் எதனோல் 0.001 சதவீதமே இருக்கும். என்றாலும் மெலடோனின் இல்லாத எதனோலை அதே வரிசையில் ஐதாக்கிய குழு ஒன்று இருந்தாக வேண்டும். கரைப்பான் எதுவாயினும் 0.1 சதவீதத்தைத் தாண்ட விடக் கூடாது. ஒளியில் சிதையக்கூடியது என்பதால் கபில நிறக் குழாயில் வைக்க வேண்டும்.

விற்றமின் சி கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பலரை ஈர்க்கும். மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அளவு பன்றி முட்டைக்கலங்களில் அதிகம் பயன்பட்டது. அது கிட்டத்தட்ட 284 மைக்ரோமோலார். 38 பாகையில் ஊடகத்தில் அது சில மணி நேரத்திலேயே ஒட்சியேறிவிடும். அத்துடன் இரும்பு இருக்குமிடத்தில் அதை ஒடுக்கி மீண்டும் மீண்டும் ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும் வினைச் சுழற்சிக்குத் துணை போகும். டிசிஎம்-199இல் இரும்பு இருப்பதை முன்னர் பார்த்தோம். தினமும் புதிதாகக் கரைக்க முடியாவிட்டால் இதைத் தொட வேண்டாம். மாத்திரையைப் பொடித்துப் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை; அதில் நிறமூட்டியும் இனிப்பும் பிணைப்பியும் உள்ளன.

விற்றமின் ஈயும் கோஎன்சைம் கியூ10உம் எண்ணெயில் கரைபவை. எண்ணெயால் மூடிய துளியில் இவற்றைச் சேர்த்தால் பெரும் பகுதி எண்ணெய்க்குள் போய்விடும். மீதி எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. விற்றமின் ஈயின் செயலைச் சோதிக்க வேண்டுமெனில் நீரில் கரையும் துரொலொக்சைத் தெரிவதே அறிவுடைமை. என்-அசற்றைல் சிஸ்டெயின் அமிலத் தன்மை உடையது. மில்லிமோலார் அளவில் சேர்க்கும்போது பிஎச்சைச் சரிசெய்யாவிட்டால், அளக்கப்படுவது அமிலத்தின் விளைவாக இருக்கும். இரெசுவரத்திரோல் ஒரு மைக்ரோமோலாரை அண்டிய அளவில் நன்மை தந்ததாகவும் கூடிய அளவில் முதிர்ச்சியைக் குறைத்ததாகவும் காணப்படுகிறது. செறிவு வரிசை ஒன்றை வைக்காமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். இரண்டு மூன்று பொருள்களைக் கலந்து சேர்க்கும் ஆசையை முதல் ஆய்வில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

துளி, எண்ணெய், இன்குபேட்டர்

50 முதல் 100 மைக்ரோலீற்றர் வரையான துளி ஒன்றுக்குப் பத்து முட்டைக்கலங்கள், மேலே கனிய எண்ணெய். கிண்ணங்களை முதிர்விப்புக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்னரே இன்குபேட்டரில் வைத்து வாயுச் சமநிலைக்கு விட வேண்டும். எண்ணெய்ப் போத்தல் திறந்து நாட்பட்டால் பேரொட்சைட்டுகள் சேரும். வெயில் படும் அலுமாரியில் அதை வைப்பது பெருந்தவறு. எசுத்திராடயோலும் எண்ணெய்க்குள் போகும் இயல்புடையது என்பதால், எண்ணெய் இன்றி நான்கு குழிக் கிண்ணத்தில் 500 மைக்ரோலீற்றர் ஊடகம் வைத்துச் செய்வோரும் உண்டு. கொழுப்பில் கரையும் தடுப்பியை ஆராயும்போது நானும் அதையே பரிந்துரைப்பேன்.

வெப்பநிலை 38.5 பாகை, காபனீரொட்சைட்டு 5 சதவீதம், நிறைந்த ஈரப்பதன். பசுவுக்கும் எருமைக்கும் 22 முதல் 24 மணி நேரம், ஆட்டுக்கு 24 முதல் 27 மணி நேரம். ஒட்சிசனை 5 சதவீதமாகக் குறைக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் முளைய வளர்ப்புக்குப் பெரிதும் உதவும். முதிர்விப்புக் கட்டத்தில் அதன் நன்மை அவ்வளவு தெளிவாக இல்லை. சில நிலைமைகளில் முதிர்ச்சி குறைந்தும் இருக்கிறது. ஆகவே அந்த வசதி இல்லை என்பதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். மின்வெட்டுக்கு ஏற்பாடு இல்லாதிருப்பதே தள்ளிப்போட வேண்டிய காரணம். மாரி காலத்தில் மின் தடைப்படும்போது மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும் வரை இன்குபேட்டரைத் தாங்கக்கூடிய மின்கலத் தொகுதி ஒன்று இருக்க வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்திருப்பது அதற்கு அடுத்த பாதுகாப்பு.

பார்த்து எண்ணுதல்

முதலில் கியூமுலசு விரிவைக் குறிக்க வேண்டும். பின்னர் 0.1 சதவீத ஐயலுரொனிடேசில் சில நிமிடங்கள் வைத்து, ஒடுங்கிய பிப்பெட்டினால் ஏற்றி இறக்கிக் கலங்களை நீக்கி, முனைவுடலைத் தேட வேண்டும். பசு, எருமை முட்டைக்கலங்களில் கொழுப்பு மிகுதியால் குழியவுரு கறுத்திருக்கும், கரு தெரியாது. அவற்றை எதனோல் மூன்று பங்கு, அசற்றிக் அமிலம் ஒரு பங்கு கலந்த கரைசலில் ஒன்று அல்லது இரண்டு நாள் நிலைப்படுத்தி, 1 சதவீத அசற்றோ-ஓர்சினால் சாயமிட்டுப் பார்க்கலாம். ஒளிர் நுணுக்குக்காட்டி இருந்தால் மரபுப்பொருளை ஒளிரச் செய்யும் ஹெக்ஸ்ட் (Hoechst) சாயம் வேலையைச் சுருக்கும்.

எண்ணுபவருக்கு எந்தக் கிண்ணம் எந்தக் குழு என்பது தெரியக் கூடாது. நண்பர் ஒருவரைக் கொண்டு கிண்ணங்களுக்கு இரகசிய எண் இடச் சொல்வது போதும். தடுப்பி சேர்க்காத குழுவிலேயே முதிர்ச்சி வீதம் 70 சதவீதத்தை எட்டவில்லை என்றால் தடுப்பியைச் சோதிக்கும் நேரம் இன்னும் வரவில்லை. வழிப்பயணம், வெப்பநிலை, நீர், சீரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தடுப்பி உண்மையில் தனது வேலையைச் செய்ததா என்பதை அறிய, ஆர்ஓஎஸ்சுக்கு டிசிஎப்எச்-டிஏ சாயத்தை 10 மைக்ரோமோலார் அளவில் இருட்டில் அரை மணி நேரம் வைத்து ஒளிர்வை அளக்கலாம். குளுற்றாதயோனுக்கு வேறு நீல ஒளிர் சாயம் உண்டு. ஐதரசன் பேரொட்சைட்டில் சிறிது நேரம் வைத்த முட்டைக்கலங்களை ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு முறையும் சேர்த்தால், சாயம் வேலை செய்கிறதா என்ற ஐயம் எழாது. எல்லாப் படங்களும் ஒரே ஒளி நேரத்தில் எடுக்கப்பட வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றித் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும். 70 சதவீத முதிர்ச்சிக்கும் 80 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை வழக்கமான 5 சதவீதப் பொருளுண்மை மட்டத்திலும் 80 சதவீத வலுவுடனும் கண்டுபிடிக்க, குழு ஒன்றுக்கு ஏறத்தாழ 290 முட்டைக்கலங்கள் வேண்டும். 85 சதவீதமாக உயரும் என்று எதிர்பார்த்தால் 120 அளவு போதும். ஒரு சூலகத்திலிருந்து நல்லவை ஐந்து என்று வைத்தால், நான்கு குழுக்களுக்குக் குழுவுக்கு இருபது வீதம் ஒரு நாளில் எண்பது தேவை. அதாவது பதினாறு சூலகம், எட்டுப் பசு. நமது மடுவங்களில் அது நடவாது. எனவே குழுக்களை இரண்டாகவோ மூன்றாகவோ சுருக்கி, நாட்களைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுக்களும் இருக்க வேண்டும். இன்று கட்டுப்பாடு, நாளை தடுப்பி என்று பிரித்தால் அந்த ஆய்வு வீண். ஒரே நாளில் வந்த முட்டைக்கலங்கள் ஒன்றையொன்று ஒத்தவை என்பதால், பகுப்பாய்வில் சோதனை நடந்த நாளை ஒரு காரணியாகச் சேர்த்த லொஜிஸ்டிக் மாதிரியைப் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கைவர்க்கச் சோதனை செய்வது பொருந்தாது.

முனைவுடல் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லாமல், முளைய வளர்ச்சியில் மட்டும் வேறுபாடு தெரிவது சிஸ்டியமைனில் வியப்பானதல்ல; அதன் பயன் குழியவுருவில் இருக்கிறது. அதனால் வசதி கிடைத்தால் கருக்கட்டல் வரை செல்ல வேண்டும். குண்டசாலையில் உள்ள செயற்கைச் சினைப்படுத்தல் நிலையத்தின் உறைவிந்துக் குச்சிகளைக் கால்நடை வைத்திய அலுவலகத்தினூடாகக் கேட்டுப் பெறலாம். ஓர் ஆய்வுக்கு ஒரே காளையின் ஒரே தொகுதி விந்தையே பயன்படுத்த வேண்டும். கருக்கட்டல் ஊடகத்துக்கு மாற்றும் முன்னர் முட்டைக்கலங்களைத் தடுப்பி இல்லாத ஊடகத்தில் மூன்று முறை கழுவ வேண்டும். விந்து கருக்கட்டும் ஆற்றல் பெறுவதற்குச் சிறிதளவு ஆர்ஓஎஸ் தேவை. முதிர்விப்பு ஊடகத்தின் மிச்சம் கூடவே வந்தால் அது அங்கே குறுக்கிடும். மேலும், கருக்கட்டல் ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஐப்போதோரினும் ஒரு ஒட்சியேற்றத் தடுப்பியே என்பதால், அதன் அளவு எல்லாக் குழுக்களிலும் ஒன்றாக இருப்பதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். பிளவை 48 மணி நேரத்திலும், பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் குழியுள்ள முளைய நிலையை ஏழாம் எட்டாம் நாட்களிலும் எண்ணி, இரண்டையும் பிளவுபட்டவற்றின் வீதமாக அல்லாமல், முதிர்விப்புக்கு இட்ட முட்டைக்கலங்களின் மொத்தத்தின் வீதமாக எழுத வேண்டும்.